புல்வெளி மீட்பும் மண்ணில் சேரும் கார்பனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீரழிந்த புல்வெளியை மீட்டால் மண்ணில் கார்பன் சேரும் என்று சொன்னதும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நிலம் வைத்திருப்பவர்கள், மாணவர்கள், மரம் நடும் குழுக்களில் இருப்பவர்கள், கார்பன் கிரெடிட் (சேர்த்த கார்பனுக்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்கள் என்று பலரும் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் அடிப்படையானவை, போகப் போகச் சிக்கலானவை. கணக்கெல்லாம் ஹெக்டேரில் இருக்கிறது. ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்.

1. புல்லுல என்ன பெரிசா கார்பன் இருக்கப் போகுது? மரம்னா சரி.

கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் பார்த்தால் சந்தேகம் நியாயம்தான். மரத்தின் கார்பன் தண்டிலும் கிளையிலும் நம் முன்னால் நிற்கிறது. புல்வெளியின் கார்பன் தரைக்குக் கீழே இருக்கிறது. மிதவெப்ப மண்டலப் புல்வெளிகளில் தரைக்கு மேலே உள்ள எடையைப் போல மூன்று நான்கு மடங்கு எடை வேரில்தான் இருக்கும். அந்த வேர்களைச் சுற்றி, நூற்றாண்டுக் கணக்கில் மட்கிச் சேர்ந்த கார்பன் மண்ணோடு மண்ணாகக் கலந்திருக்கிறது.

உலகக் கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மேல் ஒரு மீட்டர் மண்ணில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் கோடி டன் அங்ககக் கார்பன், அதாவது உயிர்களின் எச்சத்திலிருந்து வந்த கார்பன், இருக்கிறது. காற்று மண்டலம் முழுவதிலும் இருப்பது 87,000 கோடி டன் அளவுதான். உலகின் எல்லாச் செடி கொடி மரங்களிலும் இருப்பதைக் கூட்டினாலும் அதைவிடக் குறைவு. அண்டார்டிகாவையும் கிரீன்லாந்தையும் தவிர்த்த நிலப்பரப்பில், மரங்கள் அங்கங்கே நிற்கும் சவானாவையும் புதர்வெளியையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 40 சதவீதம் புல்வெளி வகை நிலம். அதனால் புல்வெளி மண்ணுக்கு என்ன நடக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

2. காத்துல இருக்கிற கரியமில வாயு மண்ணுக்குள்ள எப்படிப் போகுது?

இலை வழியாக. இலை கரியமில வாயுவை எடுத்துச் சர்க்கரையாக்குகிறது. அதில் ஒரு பங்கு வேருக்கு இறங்குகிறது. வேர் அதை வைத்து வளர்வதோடு, ஒரு பகுதியை அப்படியே மண்ணுக்குள் கசிய விடுகிறது. வேரைச் சுற்றியிருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் இந்தக் கசிவைத் தின்று வாழ்கின்றன. அவை செத்ததும் அவற்றின் உடல் எச்சம் களிமண் துகள்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பிறகு அதை மற்ற நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடியாது. நீண்ட காலம் தங்கும் கார்பன் பெரும்பாலும் இந்த வகைதான். இதைத் தவிர, ஆண்டுதோறும் செத்துப் போகும் மெல்லிய வேர்கள் அரைகுறையாக மட்கித் துணுக்குகளாகக் கிடக்கும். இந்தத் துணுக்குக் கார்பன் சீக்கிரம் சேரும், சீக்கிரம் போகவும் செய்யும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பழைய புல்வெளியில் ஒரு பிடி மண்ணை வேரோடு தோண்டி எடுங்கள். மண் தூளாக உதிராது. பயறு அளவிலிருந்து சுண்டைக்காய் அளவு வரை உருண்டை உருண்டையாக, முடி போன்ற வேர்களில் கோத்த மாதிரி தொங்கும். ஒரு உருண்டையை உலர்த்தி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் வெகுநேரம் உடையாமல் கிடக்கும். பக்கத்தில் ஆண்டுதோறும் உழுகிற நிலத்து மண்கட்டியைப் போட்டால், பெரும்பாலும் சில நிமிடங்களில் கலங்கிச் சேறாகிவிடும். அந்த உருண்டையைப் பிடித்து வைத்திருப்பது பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்ப் பசையும்தான். கார்பன் பத்திரமாக இருப்பதும் அதற்குள்தான்.

3. அப்புறம் உழுதா மட்டும் ஏன் அது போகுது?

மேலே சொன்ன உருண்டை உடைகிறது. உள்ளே காற்று படாமல் இருந்த கார்பன் நுண்ணுயிர்களின் வாய்க்கு எட்டுகிறது. அவை தின்று கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. கூடவே, ஆண்டு முழுவதும் உயிரோடிருந்த வேர் போய், சில மாதம் மட்டும் இருக்கும் பயிர் வேர் வருகிறது. மிச்ச மாதங்களில் தரை வெறுமையாகக் கிடந்து மேல்மண் அரித்துப் போகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. 2002இல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பில், மேய்ச்சல் நிலத்தைப் பயிர் நிலமாக்கியபோது மண் கார்பன் சராசரியாக 59 சதவீதம் குறைந்திருந்தது.

அமெரிக்கப் பெருஞ்சமவெளியை உழுது கோதுமை போட்டதும், 1930களில் வறட்சி வந்தபோது மேல்மண் புழுதிப் புயலாகக் கிளம்பியதும் பலருக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிறகும் 1954இல் தொடங்கி கஜகஸ்தானிலும் தெற்கு சைபீரியாவிலும் ஸ்டெப்பி புல்வெளியைக் கோடிக்கணக்கான ஹெக்டேர் அளவில் உழுதார்கள். அங்கேயும் சில ஆண்டுகளிலேயே மண் காற்றில் பறக்க ஆரம்பித்தது.

4. என் நிலம் சீரழிஞ்சிருக்கான்னு எதை வச்சுச் சொல்றது?

நின்று பார்ப்பதை விட்டுவிட்டுக் குனிந்து பாருங்கள். புல் குத்துகளுக்கு நடுவே வெறும் தரை எவ்வளவு? அந்தத் தரை ஓடு மாதிரி இறுகியிருக்கிறதா? புல்குத்து சின்ன மேடை மேல் உட்கார்ந்த மாதிரி உயர்ந்து நின்றால், சுற்றியிருந்த மண் அரித்துப் போய்விட்டது என்று பொருள். கால்நடை தொடாத செடிகள் மட்டும் செழித்திருந்தால், தின்னக்கூடிய புல்லை எல்லாம் மேய்ந்து தீர்த்தாகிவிட்டது. மழை பெய்யும்போது தண்ணீர் உள்ளே இறங்காமல் கலங்கி ஓடினால் அதுவும் ஓர் அடையாளம்.

கோடையில் காய்ந்து பழுப்பாகக் கிடப்பதைச் சீரழிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புல்லின் வளர்முனை தரைமட்டத்தில் பத்திரமாக இருக்கும். ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும்.

5. மீட்டா எவ்வளவு சேரும்? சுத்தி வளைக்காம ஒரு எண் சொல்லுங்க.

மேய்ச்சலைச் சீராக்குவது, பயறு வகை விதைப்பது, பயிர் நிலத்தைப் புல்லுக்குத் திருப்புவது என்று பல வழிகளையும் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வுகளில் கிடைத்த சராசரி, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு அரை டன் கார்பன். வறண்ட, மோசமான இடங்களில் 0.1 டன். நல்ல மழையும் களிமண்ணும் உள்ள இடங்களில் ஒரு டன்னைத் தொடலாம். ஒரு டன் கார்பன் என்பது 3.67 டன் கரியமில வாயுவுக்குச் சமம். அதாவது சராசரி நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1.8 டன் கரியமில வாயு.

ஹெக்டேருக்குப் பத்து டன், இருபது டன் என்று யாராவது ஆண்டு வாக்குறுதி கொடுத்தால் எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். அளக்கும் முறை பற்றி 15ஆம் கேள்வியில் வருகிறது.

3ஆம் கேள்வியில் சொன்ன அதே 2002 தொகுப்பில் இன்னொரு எண்ணும் உண்டு. பயிர் நிலத்தை மேய்ச்சல் நிலமாகத் திருப்பியபோது மண் கார்பன் 19 சதவீதம்தான் கூடியிருந்தது. போனது 59, வந்தது 19. உடைந்த பிறகு மீட்பதைவிட உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வதற்கு இந்த இரண்டு எண்களே காரணம்.

6. எத்தனை வருஷத்துல பழைய நிலைக்கு வரும்?

ஒரு தலைமுறைக்குள் முழுதாக வராது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடர் கிரீக் என்ற ஆய்விடம் இருக்கிறது. அங்கே வெவ்வேறு காலத்தில் கைவிடப்பட்ட வயல்களையும், உழவே படாத பக்கத்து நிலத்தையும் ஒப்பிட்டார்கள். 91 ஆண்டுகள் சும்மா விட்ட பிறகும் தாவர வகைகளில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் திரும்பியிருந்தது. செடிகளின் ஆண்டு வளர்ச்சி பாதியளவுதான்.

அதே இடத்தில் பலவகைப் புல்லும் பூச்செடியும் விதைத்த சோதனைப் பாத்திகளில் நல்ல செய்தியும் கிடைத்தது. முதல் 13 ஆண்டுகளைவிட அடுத்த ஒன்பது ஆண்டுகளில் கார்பன் வேகமாகச் சேர்ந்தது. முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் அளவுகோலில் ஒன்றும் தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம். அந்தக் காலத்தில் வேர் இறங்கிக்கொண்டிருக்கிறது.

7. வேலி போட்டு அப்படியே விட்டுட்டா தானா வராதா?

வரும் இடமும் உண்டு, வராத இடமும் உண்டு. உழவு படாமல், அதிகமாக மேய்ந்து மட்டும் கெட்டுப்போன நிலத்தில் வேர்க்கட்டைகளும் விதைகளும் மண்ணில் மிச்சம் இருக்கும். அங்கே மேய்ச்சலை நிறுத்தி இரண்டு மழைக்காலம் பொறுத்தாலே முகம் தெரிய ஆரம்பிக்கும். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பிறகு கைவிடப்பட்ட கோடிக்கணக்கான ஹெக்டேர் வயல்களில் பெரும்பகுதி, யாரும் விதைக்காமலே புல்லாகி, மண்ணில் கார்பன் சேர்த்து வருகிறது. பக்கத்திலேயே பழைய ஸ்டெப்பி மிச்சமிருந்த இடங்களில் விதை வந்து சேர்வது எளிது.

பல பத்தாண்டுகள் உழுது, உரம் போட்டு, களைக்கொல்லி அடித்த நிலம் வேறு மாதிரி. அங்கே மண்ணில் புதைந்து கிடப்பது களை விதையாகத்தான் இருக்கும். சும்மா விட்டால் களைதான் வரும். விதைக்க வேண்டியிருக்கும்.

8. நல்லா வளர்ற ஒரே புல்லை முழுக்க விதைச்சா வேலை சுலபம்தானே?

தீவனத்துக்கு மட்டும் என்றால் சரி. கார்பனுக்கு அது நல்ல வழி இல்லை. சீடர் கிரீக்கில் 1994இல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 9 மீட்டருக்கு 9 மீட்டர் பாத்திகளில் 1, 2, 4, 8, 16 வகைச் செடிகள் என்று விதைத்து ஆண்டுதோறும் அளந்தார்கள். வகை கூடக் கூட வேர் எடையும் கூடியது, மண்ணில் சேர்ந்த கார்பனும் கூடியது. வெயிலைத் தாங்கும் வெப்பப் பருவப் புல்லும் பயறு வகைச் செடியும் ஒன்றாக இருந்த பாத்திகள் குறிப்பாக நன்றாகச் சேர்த்தன.

பயறு வகை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. மண்ணில் தங்கும் மட்கில் சுமார் 12 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருக்கும். ஒரு டன் கார்பன் தங்க வேண்டுமானால் 80 கிலோவுக்கு மேல் தழைச்சத்து அதனோடு தங்க வேண்டும். அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பயறு வகையின் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா அதைக் காற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது.

9. அந்தத் தழைச்சத்தை யூரியாவா போட்டுட்டா?

புல் வேகமாக வளரும், உண்மைதான். ஆனால் உரம் செய்வதற்கே நிறைய எரிபொருள் செலவாகிறது. போட்ட உரத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடாக்கும் வாயு. சேர்த்த கார்பனின் பலனில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.

செடி வகைகளும் குறையும். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856இல் தொடங்கிய பார்க் கிராஸ் சோதனை இன்றும் நடக்கிறது. உரமே போடாத பாத்திகளில் 30க்கும் மேற்பட்ட செடி வகைகள் இருக்க, சுண்ணாம்பு இடாமல் அம்மோனியம் சல்பேட்டை மட்டும் தொடர்ந்து கொட்டிய பாத்திகளில் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சின. 8ஆம் பதிலில் சொன்ன பலவகைப் பலன் அங்கே போய்விடுகிறது.

10. விதைக்கும்போது எதுல கவனமா இருக்கணும்?

மூன்று விஷயம். முதலாவது, விதை எங்கிருந்து வருகிறது என்பது. அதே மண்ணும் மழையும் உள்ள, அருகிலிருக்கும் பழைய புல்வெளியில் பல தடவையாகச் சேகரித்த விதைதான் நல்லது. எல்லாம் ஒரே வாரத்தில் முற்றாது. ஓரிடத்திலேயே வழித்தெடுக்காமல் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட வேண்டும். முற்றிய கதிரோடு புல்லை அறுத்து, ஈரம் காய்வதற்குள் மீட்கும் நிலத்தில் பரப்பி விடுவதும் நன்றாகப் பலிக்கிற முறை.

இரண்டாவது ஆழம். புல் விதை பொடிசு. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் பல வகைகள் முளைத்து மேலே வராது. பிசிறும் மயிருமாக இருப்பதால் கையில் ஒட்டும், காற்றில் பறக்கும். ஈர மணலோடு பிசைந்து தூவினால் சீராக விழும். தூவியதும் மண்ணால் மூடுவதைவிட மிதித்து அழுத்துவது முக்கியம்.

மூன்றாவது களை. முதல் இரண்டு ஆண்டு களை மேலே நின்று நிழல் போடும். களையில் விதை பிடிக்கும் முன் அதை அறுத்துவிடுங்கள், பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் பக்கத்து நாற்றும் சேர்ந்து வரும்.

11. ஆடு மாடு மேய விடலாமா கூடாதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விளைவே இடத்துக்கு இடம் மாறுகிறது. 2013இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், வெப்பப் பருவப் புற்கள் அதிகமுள்ள இடங்களில் மேய்ச்சல் கூடியபோது மண் கார்பன் 6–7 சதவீதம் கூடியிருந்தது. குளிர்ப்பருவப் புற்கள் அதிகமுள்ள இடங்களில் சராசரியாக 18 சதவீதம் குறைந்திருந்தது.

எல்லா இடத்துக்கும் பொருந்துவது ஒன்று உண்டு. இலையைத் திரும்பத் திரும்ப ஒட்ட மேய்ந்தால் வேர் சுருங்கும். மேய்ந்த பிறகு புல் தேறி எழ அவகாசம் வேண்டும். எத்தனை மாடு என்பதைவிட, மேய்ந்து எத்தனை நாள் கழித்துத் திரும்ப அதே இடத்துக்கு வருகின்றன என்பதைக் கவனியுங்கள். புதிதாக விதைத்த நிலத்தில் மாட்டை எப்போது விடலாம் என்பதற்கு எளிய வழி: மாடு கடித்து இழுப்பது போலப் புல்லைக் கையால் வெடுக்கென்று இழுங்கள். இலை அறுந்து வந்தால் விடலாம். வேரோடு வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

12. முறையா மேய்ச்சா காலநிலை மாற்றத்தையே திருப்பிடலாம்னு வீடியோ பார்த்தேன். நிஜமா?

இல்லை. நல்ல மேய்ச்சல் நல்ல விஷயம்தான். ஆனால் அதன் மேல் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றக் கூடாது. அசை போடும் கால்நடை மீத்தேன் என்ற சூடாக்கும் வாயுவை விடுகிறது. உலகக் கால்நடைகளிலிருந்து தொடர்ந்து வரும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் புல்வெளி மண்ணை வைத்தே ஈடுகட்ட எவ்வளவு கார்பன் சேர வேண்டும் என்று 2023இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. விடை 13,500 கோடி டன். மேலாண்மையில் உள்ள உலகப் புல்வெளிகள் எல்லாவற்றிலும் இப்போது இருக்கும் கார்பனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவ்வளவுக்கு மண்ணில் இடமே கிடையாது.

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதிலிருந்து ஆண்டுக்கு 3,700 கோடி டன் கரியமில வாயு கிளம்புகிறது. அதைக் குறைக்காமல் புல்லை மட்டும் நம்புவது நடக்காத காரியம். புல்வெளியை நேசிப்பவர்களே இதை முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மிகைப்படுத்திய வாக்குறுதி பொய்த்துப் போனால் உண்மையான பலனையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

13. புல்வெளி தீப்பிடிச்சா எல்லாம் போச்சு இல்லையா?

புல் தீ வேகமாகக் கடந்து போகும். ஒரே இடத்தில் நின்று எரியாது. தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே போனால் சூடு பெரிதாக ஏறாது. மேலே எரிந்தது அடுத்த பருவத்தில் திரும்ப வளர்ந்துவிடும், கீழே இருப்பது அப்படியே இருக்கும். காட்டுத்தீ அதிகம் வரும் கலிபோர்னியாவுக்கான ஒரு 2018 கணிப்பில், வறட்சியும் தீயும் கூடும் எதிர்காலத்தில் காட்டைவிடப் புல்வெளிதான் நம்பகமான கார்பன் சேமிப்பிடம் என்று வந்தது இதனால்தான்.

அதற்காக ஆண்டுதோறும் கொளுத்தலாம் என்று அர்த்தம் இல்லை. பல நாடுகளின் நீண்டகாலத் தீச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, அடிக்கடி எரித்த இடங்களில் 64 ஆண்டு முடிவில் மேல்மண் கார்பன், தீயே படாமல் காத்த இடங்களைவிட 36 சதவீதம் குறைவாக இருந்தது. தீயோடு சேர்ந்து வளர்ந்த புல்வெளிக்கு அவ்வப்போது தீ வேண்டும். இடைவெளியைத்தான் சரியாகப் பார்க்க வேண்டும்.

14. கூடவே மரமும் நட்டா ரெட்டை லாபம்தானே? முள்புதர் ஏறின இடத்தை அப்படியே காடா விட்டுட்டா என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இயற்கையிலேயே மரம் குறைந்த பழைய புல்வெளி, காடு அழிந்து உண்டான இடம் இல்லை. அங்கே பல ஆயிரம் ஆண்டுகளாகப் புல்தான் இருந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் மட்டும் வாழும் செடிகள், பறவைகள், விலங்குகள் இருக்கின்றன. நெருக்கமாக மரம் நட்டால் நிழலில் அவை எல்லாம் போய்விடும்.

கார்பன் கணக்கிலும் லாபம் உறுதி இல்லை. புல்வெளியில் மரவகை ஏறிய இடங்களை ஆழமாகத் தோண்டிப் பார்த்த 2002 ஆய்வில், வறண்ட இடங்களில் மண் கார்பன் கூடியிருந்தது. மழை அதிகமுள்ள இடங்களில் குறைந்திருந்தது. தண்ணீர்க் கணக்கு இன்னும் கவலை தருவது. புல்வெளி, புதர்வெளி, வயல் ஆகியவற்றை மரத்தோட்டமாக்கிய இடங்களில் ஓடைநீர் சராசரியாக 52 சதவீதம் குறைந்ததாகவும், 13 சதவீத ஓடைகள் குறைந்தது ஓராண்டாவது முழுக்க வறண்டு போனதாகவும் 2005இல் வந்த உலகளாவிய தொகுப்பு சொன்னது.

முள்புதர் விஷயத்தில், அது என்ன செடி என்று பாருங்கள். அந்த மண்ணுக்கே உரிய புதர் அங்கங்கே நின்றால் விட்டுவிடலாம். சீமைக்கருவேலம் போல வெளியிலிருந்து வந்து மூடிக்கொள்வது வேறு. கென்யாவின் பாரிங்கோ பகுதியில் அது பெரும் மேய்ச்சல் பரப்பை விழுங்கியது. அங்கே செய்த ஆய்வுகள், சீரழிந்த நிலத்தைப் புல்வெளியாக மீட்டால் மண் கார்பனும் கூடும், மேய்ச்சலும் தண்ணீரும் கையை விட்டுப் போகாது என்று காட்டின. அகற்றும்போது வேரைக் கிளறி நிலம் முழுவதையும் புரட்டிப் போடாதீர்கள். 3ஆம் பதிலில் சொன்ன உழவுச் சேதம் அங்கேயும் நடக்கும்.

15. கார்பன் கூடிச்சான்னு எப்படி அளக்கிறது? ஆய்வகத்துல குடுத்தா சொல்லிடுவாங்களா?

ஆய்வகம் சொல்வது சதவீதம் மட்டும். டன் கணக்கு வேண்டுமானால் மண்ணின் அடர்த்தியும் வேண்டும். ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழம் என்பது 3,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் மண் 1.3 டன் என்றால் மொத்தம் 3,900 டன் மண். அதில் ஒரு சதவீதம் கார்பன் என்றால் 39 டன். ஆண்டுக்கு அரை டன் சேர்ந்தால் ஆய்வக அறிக்கையில் 1.00 என்பது 1.013 ஆகும். ஐந்து ஆண்டு கழித்து 1.06. ஆனால் ஒரே நிலத்தில் பத்தடி தள்ளி மண் எடுத்தாலே இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். அதனால்தான் ஒரே ஒரு மண் மாதிரியை எடுத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிலத்தை மண் வகைப்படி பிரித்து, ஒவ்வொன்றிலும் பல இடங்களில் எடுத்து, ஐந்து முதல் பத்து ஆண்டு இடைவெளியில் அதே இடங்களில், அதே பருவத்தில், அதே முறையில் திரும்ப அளக்க வேண்டும்.

அடர்த்தியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. மீட்ட நிலத்தில் மண் இளகும். இளகினால் அதே 30 சென்டிமீட்டருக்குள் முன்பைவிடக் குறைந்த எடை மண்தான் இருக்கும். கார்பன் குறைந்த மாதிரி கணக்கு காட்டும். இறுகினால் நேர்மாறாக, சேராத கார்பன் சேர்ந்த மாதிரி தெரியும். ஆழத்தை வைத்து ஒப்பிடாமல் சம எடை மண்ணை வைத்து ஒப்பிட்டால் இந்தப் பிழை நீங்கும். முடிந்தால் 30 சென்டிமீட்டரோடு நிறுத்தாமல் 60 வரை, ஒரு மீட்டர் வரை போங்கள். புல் வேர் அங்கேயும் வேலை செய்கிறது.

சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் ஆய்வகத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். சுண்ணாம்பிலும் கார்பன் உண்டு. அதைக் கழிக்காமல் எரித்து அளந்தால் எண் ஏகத்துக்கு ஏறித் தெரியும்.

16. சேர்ந்துக்கிட்டே இருக்குமா, ஒரு நாள் நின்னுடுமா?

நின்றுவிடும். அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் தண்ணீர் விடுவது போலத்தான். மட்டம் ஏற ஏற ஓட்டை வழியாகப் போவதும் கூடும். வருவதும் போவதும் சமமாகும் இடத்தில் மட்டம் நிற்கும். மண்ணிலும் கார்பன் கூடக் கூட நுண்ணுயிர் தின்பதும் கூடும். உலகக் கணக்கீடுகளில் வசதிக்காக இதற்கு 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வார்கள். நிஜத்தில் பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூறாண்டுக்கு மேலும் ஆகலாம். களிமண் அதிகமிருந்தால் கொள்ளளவு அதிகம், மணற்பாங்கு என்றால் குறைவு.

நன்றாக இருக்கும் பழைய புல்வெளி ஏற்கெனவே இந்தச் சமநிலைக்கு அருகில் இருக்கும். அதில் மேலும் சேர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

17. அவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்த்தது திரும்பப் போயிடாதா?

போகும், பராமரிப்பு நின்றால். மறுபடி உழுதால் சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதி போய்விடும். நீண்ட வறட்சியில் சேர்வது குறையும். பூமி சூடாகும்போது நுண்ணுயிர்களும் வேகமாகத் தின்னும். 2ஆம் பதிலில் சொன்ன இரண்டு வகையில், துணுக்குக் கார்பன் இதில் முதலில் அடிபடும். களிமண்ணில் ஒட்டியது ஓரளவு தாக்குப்பிடிக்கும். வேர் ஆண்டு முழுவதும் உயிரோடு இருப்பதும், பலவகைச் செடிகள் இருப்பதும்தான் இதற்குக் கையில் இருக்கும் காப்பு.

18. அப்போ கார்பன் கிரெடிட் வித்துப் பணம் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேளுங்கள். இந்தத் திட்டம் இல்லாவிட்டாலும் நீங்கள் இதைச் செய்திருப்பீர்களா? செய்திருப்பீர்கள் என்றால் அந்தக் கிரெடிட்டால் காற்றுக்குப் புதிதாக ஒரு பலனும் இல்லை. உங்கள் மாடுகள் இங்கிருந்து விலகி வேறொரு புல்வெளியைக் கெடுக்கப் போகின்றனவா? எத்தனை ஆண்டுக்குக் கட்டுப்பட வேண்டும், நடுவில் வறட்சி வந்து கார்பன் குறைந்தால் யார் பொறுப்பு? ஆஸ்திரேலியாவின் அரசுத் திட்டத்தில் 25 ஆண்டு அல்லது 100 ஆண்டு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 25 என்றால் கிரெடிட்டில் 20 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். அங்கே நிலத்தை விற்றாலும் வாங்குபவர் தலையில் அந்தக் கடமை போய்ச் சேரும்.

15ஆம் பதிலில் சொன்னபடி மண் மாதிரிகளை எடுப்பது, அளப்பது எல்லாம் செலவு. சின்ன நிலத்தில் வரவை அந்தச் செலவே விழுங்கிவிடும். மண்ணை நேரில் அளக்காமல் கணினி மாதிரியை மட்டும் வைத்துக் கணக்குக் காட்டும் திட்டங்களை நான் பரிந்துரைப்பதில்லை.

19. என்கிட்ட இருக்கிறது நல்லாதான் இருக்கு, மீட்க ஒண்ணுமில்ல. நான் என்ன செய்யறது?

உங்கள் கையில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் விலை மதிப்புள்ளது. 5ஆம் பதிலின் 59, 19 கணக்கைத் திரும்பப் பாருங்கள். உழ விடாதீர்கள், காடாக்குகிறேன் என்று குழி தோண்ட விடாதீர்கள், வெளியிலிருந்து வந்த செடி தலைகாட்டினால் பத்து செடியாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பக்கத்தில் மீட்பு வேலை செய்பவர்களுக்கு விதை கொடுங்கள். ஆவணத்தில் தரிசு என்றோ வீண் நிலம் என்றோ பதிவாகியிருந்தால் அதைத் திருத்த முயலுங்கள். சாலையும் சூரிய மின்பலகையும் மரத்தோட்டமும் முதலில் தேடி வருவது அப்படிப் பதிவான நிலத்தைத்தான்.

20. ரெண்டு ஏக்கர்தான் இருக்கு. இதுல செஞ்சு என்ன ஆகப் போகுது?

கார்பன் கணக்கில் சராசரியாக ஆண்டுக்கு ஒன்றரை டன் கரியமில வாயு. அதை மட்டும் பார்த்தால் சிறிதுதான். ஆனால் முதல் சில ஆண்டுகளிலேயே மழை நீர் மண்ணுக்குள் இறங்குவதும், அரிப்பு நிற்பதும், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தரையில் கூடு கட்டும் பறவையும் வருவதும் கண்ணுக்குத் தெரியும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை.

தொடங்குவதாக இருந்தால், விதைக்கும் முன்பே ஒரு வேலை செய்துவிடுங்கள். ஐந்தாறு இடங்களில் குறித்த ஆழத்தில் மண் எடுத்து, நிழலில் காயவைத்து, சல்லடையில் சலித்து, ஒரு பங்கை ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டு மறு பங்கை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு இடமும் ஆழமும் தேதியும் எழுதி வையுங்கள். உலர்ந்த மண் கெடாது. ராதம்ஸ்டெட்டில் 1840களில் எடுத்த மண்ணையே இன்றும் எடுத்து அளக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து ஆய்வகமோ முறையோ மாறியிருந்தாலும், பழைய மண்ணையும் புதிய மண்ணையும் ஒரே நாளில் ஒரே கருவியில் வைத்துப் பார்க்கலாம்.